தரைத்தளமும் இரண்டு மாடியும் உள்ள கட்டடத்திற்கு டெலிஹேண்ட்லர் பொருந்துமா?

கேள்வி – எழுதியவர்: கோவைத் தளப்பொறியாளர்

நண்பர்களுக்கு வணக்கம். கோவைக்கு வெளியே கட்டப்பட்டுவரும் ஒரு கல்லூரி விடுதியில் தளப்பொறியாளராக இருக்கிறேன். கட்டடத்தின் நீளம் 62 மீட்டர், அகலம் 16 மீட்டர். தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடிகள். தூண், உத்தரம், தளம் எல்லாம் முடிந்துவிட்டன. இனிச் சுவர் எழுப்ப வேண்டும். சுவர் முழுவதற்கும் 600 × 200 × 200 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ.ஏ.சி. கற்களை (காற்றறைகள் உள்ள இலேசான கான்கிரீட் கற்கள்) பயன்படுத்துகிறோம்.

இதுவரை லாரியில் வந்த கம்பிக்கட்டுகளை இறக்க ஹைட்ரா கிரேனை மணிக்கணக்கில் வாடகைக்கு அழைத்தோம். மாடிக்குப் பொருள் ஏற்ற, கட்டடத்தின் வடக்கு மூலையில் ஒரே ஒரு ஹாய்ஸ்ட் நிற்கிறது. அதில் ஏற்றிய கல்லை மறுகோடிவரை சித்தாட்கள் தள்ளுவண்டியில் கொண்டுபோக வேண்டியிருப்பதால், தெற்குப் பகுதியில் வேலை செய்யும் கொத்தனார்கள் கல்லுக்காகக் காத்திருக்கும் நேரமே அதிகமாக இருக்கிறது. ஒப்பந்ததாரர் டெலிஹேண்ட்லர் (நீண்டு சுருங்கும் கையின் நுனியில் சுமையை ஏந்தி உயர்த்தும் சக்கர இயந்திரம்) ஒன்றை மாத வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார். ஹைட்ராவைவிட இரண்டு மடங்குக்கு மேல் வாடகை கேட்கிறார்கள். நான் அந்த இயந்திரத்தைத் தொலைவிலிருந்து பார்த்திருக்கிறேனே தவிர, அதை வைத்து வேலை வாங்கிய அனுபவம் எனக்கு இல்லை.

தரைமட்டத்திலிருந்து முதல் மாடித் தளம் 3.9 மீட்டரிலும், இரண்டாம் மாடித் தளம் 7.2 மீட்டரிலும், மொட்டைமாடி 10.5 மீட்டரிலும் இருக்கின்றன. கட்டடத்தைச் சுற்றி ஏறத்தாழ 1 மீட்டர் அகலத்திற்குச் சாரம் கட்டப்பட்டுள்ளது. கிழக்குப் பக்கம் 7 மீட்டர் அகலமுள்ள மண்பாதை நீளமாக ஓடுகிறது.

என் ஐயங்கள் மூன்று. எந்த அளவுள்ள இயந்திரத்தைக் கேட்க வேண்டும்? வாடகைக்கு விடுபவர் 3 டன், 11 மீட்டர் வகை போதும் என்கிறார். 6 மீட்டர் ஜி.ஐ. குழாய்க்கட்டுகள், தண்ணீர்த் தொட்டிகள் போன்றவற்றைக் கொக்கியில் தொங்கவிட்டு ஏற்றி, ஹைட்ராவை அறவே நிறுத்திவிட முடியுமா? வெளிப்பூச்சின்போது ஆட்களைக் கூடையில் ஏற்றி உயர்த்தலாமா?

பதில் – எழுதியவர்: வளைகுடா ஆபரேட்டர்

ஐயா, அபுதாபியிலும் தோஹாவிலும் பதினோரு ஆண்டுகள் இந்த இயந்திரத்தை ஓட்டிவிட்டு இப்போது ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். அங்கே இது இல்லாத தளத்தைப் பார்ப்பது அரிது. நம் ஊரில் யார் செய்த பள்ளம் தோண்டும் இயந்திரமும் "ஜேசிபி" ஆவதைப்போல, நான் வேலை பார்த்த தளங்களில் யார் செய்த டெலிஹேண்ட்லரும் "மேனிட்டூ" என்றே அழைக்கப்பட்டது.

முதலில் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஜேசிபியில் 530-110 என்றிருந்தால் 3 டன், 11 மீட்டர். மேனிட்டூவில் எம்.டி. 1440 என்றிருந்தால் 14 மீட்டர், 4 டன். ஆனால் இந்த இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் உண்மையாவதில்லை என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். பக்கவாட்டில் எழுதியிருக்கும் டன் கணக்கு, பூம் (நீண்டு சுருங்கும் அந்தக் கை) முழுவதும் உள்ளே இழுக்கப்பட்டு, சுமை முன்சக்கரத்தை ஒட்டி இருக்கும்போது மட்டுமே பொருந்தும். எழுதியிருக்கும் மீட்டர் கணக்கு, பூமை ஏறக்குறையச் செங்குத்தாக நிறுத்தும்போது கிடைப்பது. 4 டன், 17 மீட்டர் வகை ஒன்றை எடுத்துக்கொண்டால், முழு உயரத்தில் அது தூக்குவது 2.5 டன் அளவு. அதே பூமை முன்னால் முழுவதுமாக நீட்டினால் அரை டன் அளவுக்கு வந்துவிடும்.

கிணற்றில் ஏற்றம் இறைத்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. முன்சக்கரம் தொடும் இடம்தான் துலாவின் தாங்குபுள்ளி. பின்னால் எஞ்சின், சட்டகம், எதிர்ச்சுமை ஆகியவை ஒரு பக்கம்; முன்னால் பூமும் சுமையும் மறுபக்கம். சுமை ஒரு மீட்டர் முன்னால் போகும்போதெல்லாம் பின்பக்கம் அந்த அளவுக்கு இலேசாகும். இதற்காகவே, எந்த உயரத்தில், எவ்வளவு தூரத்தில் எத்தனை கிலோ தூக்கலாம் என்று காட்டும் லோடு சார்ட் கேபினில் ஒட்டப்பட்டிருக்கும். அதன் அடிக்கோட்டில் இருக்கும் தூரம் பெரும்பாலும் முன்டயரின் முன்விளிம்பிலிருந்து அளக்கப்படுவது. ஜாக் (இயந்திரம் ஆடாமல் தரையில் ஊன்றும் கால்கள்) இறக்கிய நிலைக்கும் இறக்காத நிலைக்கும் தனித்தனிச் சார்ட் இருக்கும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். சாரம் 1 மீட்டர். டயருக்கும் சாரத்துக்கும் இடையில் குறைந்தது 1 மீட்டராவது விட வேண்டும். பேலட் (கல் அடுக்கிய தட்டு) தளத்தின் உள்ளே 1 மீட்டருக்கு மேல் போய் உட்கார வேண்டும். ஆக, 3 முதல் 3.5 மீட்டர் தூரம் கட்டாயம் தேவை. மொட்டைமாடி 10.5 மீட்டர் என்றால், பேலட்டை விளிம்பின் மேல் தூக்கி உள்ளே கொண்டுபோக 11 மீட்டருக்கும் சற்று அதிகமாக உயர்த்த வேண்டியிருக்கும். 11 மீட்டர் வகை அந்த உயரத்தைத் தொடும்போது பூம் நிமிர்ந்து நிற்குமே தவிர முன்னால் நீளாது. இரண்டாம் மாடிக்கு அது உதவும், மொட்டைமாடிக்கு உதவாது. 14 மீட்டர் வகையைக் கேளுங்கள். வாடகைக்காரரிடம் சார்ட்டின் படத்தை வாங்கி, 11.2 மீட்டர் உயரமும் 3.5 மீட்டர் தூரமும் சந்திக்கும் கட்டத்தில் எத்தனை கிலோ என்று நீங்களே பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஓட்டுபவரைப் பற்றியும் ஒரு சொல். மாடியில் பேலட்டை வைத்துவிட்டு ஃபோர்க்கை (பேலட்டின் அடியில் நுழைந்து தாங்கும் இரும்பு முள்கள்) வெளியே எடுக்கும் விதத்தைப் பார்த்தாலே ஆள் தேர்ந்தவரா என்பது தெரிந்துவிடும். பூம் சாய்ந்த நிலையில் இருப்பதால், அதை உள்ளே இழுத்தால் ஃபோர்க் பின்னால் மட்டும் வராது, கீழ்நோக்கியும் வரும். இழுக்கும்போதே பூமைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினால்தான் ஃபோர்க் மட்டமாக வெளியேறும். அதைச் செய்யாதவர் பேலட்டையும் சேர்த்து விளிம்புக்கு இழுத்துவந்துவிடுவார். அதேபோல, உயரத்தில் நீட்டிய பூமை நீட்டியபடியே கீழே இறக்கக் கூடாது. இறங்க இறங்கச் சுமை முன்னால் தள்ளிப்போகும். முதலில் உள்ளே இழுத்து, பிறகு இறக்க வேண்டும்.

உங்கள் மண்பாதையில் குழாய் பதித்து மூடிய இடம் ஏதேனும் உண்டா என்று கட்டாயம் விசாரியுங்கள். நான் வேலை பார்த்த ஒரு தளத்தில், இரண்டு வாரம் முன்பு மூடிய கேபிள் பள்ளத்தின் மேல் என் வலது முன்சக்கரம் நின்றதை யாரும் சொல்லவில்லை. பேலட் ஒன்பது மீட்டர் உயரத்தில் இருந்தபோது சக்கரம் ஒரு சாண் இறங்கியது. தரையில் ஒரு சாண், மேலே ஒரு முழத்துக்கும் மேல் சாய்வாகத் தெரிந்தது. கேபினில் இருக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் அப்போதும் பச்சையையே காட்டின. ஏனென்றால் அவை முன்னோக்கிக் கவிழ்வதை மட்டுமே அறியும், பக்கவாட்டில் சாய்வதை அறியா. பூமை மெல்ல உள்ளே இழுத்துத் தப்பித்தேன். அன்று முதல், இயந்திரம் மட்டமாக நிற்கிறதா என்று காட்டும் மட்டக்குமிழைப் பார்க்காமல் பூமைத் தூக்கியதில்லை.

பதில் – எழுதியவர்: கட்டமைப்புப் பொறியாளர்

மேலே எழுதிய நண்பர் இயந்திரத்தின் பக்கத்தைச் சரியாக விளக்கிவிட்டார். கட்டடத்தின் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. பெரும்பாலான தளங்களில் அதை யாரும் போடுவதில்லை.

1.2 × 1.0 மீட்டர் பேலட்டில் ஓர் அடுக்குக்குப் பத்துக் கல், ஆறு அடுக்கு என்றால் 60 கல். உலர்ந்த ஏ.ஏ.சி. கல் ஒன்று 15 கிலோ அளவில் இருக்கும்; ஆலையிலிருந்து ஈரத்தோடு வந்தாலோ மழையில் நனைந்தாலோ 20 கிலோவை நெருங்கும். ஆகவே பேலட்டின் எடையை 900 கிலோ என்று எண்ணாமல் 1.25 டன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அது 1.2 சதுர மீட்டர் இடத்தில் உட்காரும்போது, சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கும் சற்று அதிகமாக அழுத்துகிறது. விடுதி அறைகளுக்கு இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது 200 கிலோ அளவுதான். பேலட் நிற்கும் இடத்தில் அதைப்போல ஐந்து மடங்கு வருகிறது.

இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. சுவரும் தரைப்பூச்சும் இன்னும் ஏறாததால் தளத்துக்குக் கொஞ்சம் கையிருப்பு இருக்கிறது. பேலட் ஒன்றின் எடை தளத்தின் ஒரு பகுதி முழுவதற்கும் பரவவும் செய்யும். ஆனால் அந்தக் கையிருப்பை இரண்டு உத்தரங்களுக்கு நடுவே, தளத்தின் மையத்தில் செலவழிக்கக் கூடாது. வெளிவிளிம்பு உத்தரத்தை ஒட்டி இறக்குங்கள். அங்கிருந்து நகர்த்தினால் தூண்களின் அருகிலேயே வையுங்கள். ஒரு பேலட்டின் மேல் இன்னொன்றை அடுக்க வேண்டாம். ஹாய்ஸ்டில் தள்ளுவண்டி தள்ளுவண்டியாக ஏறியபோது கல் தானாகவே பரவலாக இறங்கியது. இந்த இயந்திரம் பத்து நிமிடத்தில் நான்கு டன்னை ஒரே இடத்தில் இறக்கிவிடும் என்பதால், எந்த இடத்தில் எத்தனை பேலட் என்பதைத் தளத்தின் மேலேயே சுண்ணாம்புக் கோடு போட்டுக் குறித்துவிடுவது நல்லது. மேல்தளத்தின் கான்கிரீட்டுக்கு 28 நாள் ஆகவில்லை என்றால் முட்டுகளை எடுக்காமல் வைத்திருங்கள்.

பேலட் இறங்கும் இடத்தில் விளிம்புத் தடுப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் நின்று பேலட்டைக் கையால் பிடித்து உள்ளே இழுக்க ஒருவர் முன்வருவார். எல்லாத் தளத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். இடுப்புவார் மாட்டி, உள்ளே உள்ள தூணில் கட்டியவரைத் தவிர வேறு எவரையும் அங்கே விடாதீர்கள்.

பதில் – எழுதியவர்: இலண்டன் வாசி

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். இலண்டனில் வீடமைப்புத் தளங்களில் பாதுகாப்பு மேற்பார்வை செய்கிறேன். இங்கே இரண்டு மூன்று மாடி வீடு கட்டும் இடங்களில் பாரந்தூக்கிக் கோபுரத்தைக் காண்பதிலும் பார்க்க இந்த இயந்திரத்தைக் காண்பதே அதிகம். ஜேசிபி நிறுவனம் 1977இல் தன்னுடைய லோட்ஆல் இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. வைக்கோல் கட்டு அடுக்கும் பண்ணை வேலைக்கும் செங்கல் அடுக்கும் கட்டட வேலைக்கும் ஒரே இயந்திரம் பயன்பட்டது. அதற்குக் காரணம் இலகுவானது: இரண்டுமே தட்டில் அடுக்கிய பாரத்தைச் சீரற்ற மண்ணில் சுமந்துபோய் உயரத்தில் வைக்கிற வேலை.

உங்கள் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு மறுமொழி எழுதுகிறேன்.

தொங்கும் பாரம் வேறு, முள்ளில் (ஃபோர்க்கில்) இருக்கும் பாரம் வேறு. முள்ளில் இருப்பது இயந்திரத்தின் ஓர் உறுப்புப்போல அதனோடு சேர்ந்து அசையும். தொங்குவது தன்பாட்டில் ஊசலாடும். தடையை (பிரேக்கை) பிடித்தால் பாரம் முன்னோக்கி வீசும். அந்தக் கணத்தில் அது அரை மீற்றர் தள்ளி நிற்பதற்குச் சமம். திருப்பத்தில் பக்கவாட்டுக்கு வீசும். அதை எச்சரிக்கை விளக்கு கண்டுகொள்ளாது என்பதை முன்னவர் எழுதிவிட்டார். ஆகவே முள்ளில் பட்டியைச் சுற்றித் தொங்கவிடும் வழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும். பட்டி வழுக்கி முனைக்கு வந்துவிடும். கொக்கி வேண்டுமென்றால், அந்த இயந்திரத்துக்கென்று செய்யப்பட்ட கொக்கிக் கை வேண்டும். அதற்குரிய பார அட்டவணையும் கபினில் இருக்க வேண்டும். உங்கள் தண்ணீர்த் தொட்டிகளுக்கு இது பொருந்தும். அவை பாரம் குறைந்தவை, கயிறு பிடித்து ஆட்டத்தை அடக்கலாம். ஆறு மீற்றர் குழாய்க்கட்டை முள்ளில் குறுக்கே வைத்துப் பயணிக்க ஏழு மீற்றர் பாதை போதாது. அதற்குமட்டும் கிறேனைக் கூப்பிடுவது மலிவாக முடியும்.

ஆட்களை உயர்த்துவதைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே எழுதுவேன். கம்பியை ஒட்டிச் செய்த கூடையை முள்ளில் செருகி, அதில் பூச்சுக்காரரை ஏற்றுவது வேலைமுறை அல்ல. அது ஒரு பந்தயம். சில இயந்திரங்களுக்கு உற்பத்தியாளரே தரும் ஆள்மேடை உண்டு. அதில் கட்டுப்பாட்டுப் பிடிகள் மேடைக்குள்ளேயே இருக்கும். மேடை பொருத்தப்பட்டிருப்பதை இயந்திரம் அறிந்து தன் வேகத்தையும் நீட்சியையும் தானே குறைத்துக்கொள்ளும். அது இல்லையென்றால் ஆளை ஏற்றும் எண்ணத்தையே கைவிடுங்கள். பிரித்தானியாவில் 1998ஆம் ஆண்டின் தூக்குக் கருவி ஒழுங்குவிதிகள் சாதாரண தூக்குக் கருவிக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை கேட்கின்றன. ஆளைத் தூக்குவதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்கின்றன. உங்களிடம் ஏற்கெனவே கட்டிய சாரம் நிற்கிறது. வெளிப்பூச்சுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னொன்று. சாரதி இடப்பக்கம் இருப்பார், பூம் அவருக்கு வலப்பக்கம் இருக்கும். பூம் கொஞ்சம் உயர்ந்த நிலையில் வலப்பின்பக்கம் அவருக்கு முற்றாக மறைந்துவிடும். இங்கே நான் படித்த விபத்து அறிக்கைகளில் கவிழ்ந்தவற்றைப்போலவே, நடந்துபோனவரை இடித்தவையும் வந்துகொண்டிருக்கின்றன. அந்தக் கிழக்குப் பாதையில் ஆட்கள் நடப்பதற்கு வேலி போட்டுத் தனிவழி விடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. சார்ட்டை அனுப்பச் சொல்லிக் கேட்டதும், வாடகைக்காரர் 11 மீட்டர் வகை மொட்டைமாடிக்கு எட்டாது என்று தாமாகவே ஒப்புக்கொண்டார். 14 மீட்டர் வகைக்கு அவர் அனுப்பிய சார்ட்டில், ஜாக் இறக்கிய நிலையில், நான் குறித்த கட்டத்தில் நமக்குத் தேவையானதைவிடத் தாராளமாகவே எடை இருக்கிறது. மண்பாதையில் கழிவுநீர்க் குழாய் பதித்த பகுதி இருப்பது உண்மைதான். போன மாதம் மூடியது, பொறியாளராக இருந்தும் அதை நானே மறந்திருந்தேன். குழாய் பதித்த அந்த 14 மீட்டர் நீளத்துக்குக் கயிறு கட்டி இயந்திரம் நிற்கக் கூடாது என்று அடையாளம் வைத்துவிட்டோம். ஆள்கூடை எண்ணத்தை விட்டுவிட்டேன்.

வாடகைக்கு எடுக்கும் முன் இயந்திரத்தில் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா?

பதில் – எழுதியவர்: ஹைட்ராலிக் மெக்கானிக்

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், பூமைப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக ஓடும் பூம் பெட்டிகளுக்கு இடையில் நைலான் பட்டைகள் இருக்கும். அவை தேய்ந்திருந்தால் பூமை முழுவதும் நீட்டச் சொல்லிப் பக்கவாட்டில் பார்க்கும்போது வளைந்தாற்போல் தெரியும், நுனி தளர்ந்து ஆடும். நீட்டும் இழுக்கும் சங்கிலிகள் சில வகைகளில் உள்ளே இருக்கும். அவை தொய்ந்திருந்தால் நீட்டத் தொடங்கும்போதே ஒரு குலுக்கல் வரும். ஒரு டன் சுமையைப் பாதி உயரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் பாருங்கள். சுமை தானாக இறங்கினால் சிலிண்டரின் சீலோ, ஹோஸ் வெடித்தாலும் பூமைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய வால்வோ சரியில்லை என்று பொருள்.

பூம் உயரும்போது ஃபோர்க் தானாக மட்டமாக நிற்க வேண்டும். அதற்கென்று ஒரு தனிச் சிலிண்டர் இருக்கிறது. அதில் கசிவு இருந்தால் மேலே போகப்போகப் பேலட் சரியத் தொடங்கும். டயர்க் காற்றை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு பக்கம் காற்று குறைந்திருந்தால், முதலாம் நண்பர் சொன்ன பள்ளத்தை நீங்களே கூடவே கொண்டுபோகிறீர்கள். எச்சரிக்கை மணி எரிச்சலூட்டுகிறது என்று அதன் வயரைப் பிடுங்கிவிடும் வழக்கம் உண்டு. சுமையில்லாமல் சோதிக்கும் பொத்தானை அழுத்தி விளக்கும் மணியும் வேலை செய்வதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இந்த இயந்திரம் லாபமா நட்டமா என்பதைக் கல் வரும் விதம்தான் தீர்மானிக்கும். நம் பக்கத்தில் கல்லை லாரியில் உதிரியாக அடுக்கி அனுப்புகிறார்கள். அதை ஆள் வைத்து இறக்கி, திரும்பப் பேலட்டில் அடுக்கி, பிறகு இயந்திரத்தால் தூக்கினால், மிச்சப்படுத்திய கூலி முழுவதும் தரையிலேயே போய்விடும்.

கேள்வி கேட்டவர்

கடைசியாகச் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. இன்று காலை கல் ஆலையில் பேசினேன். முன்பணம் கட்டினால் பேலட்டில் அடுக்கிப் பட்டை கட்டி அனுப்புவதாகவும், காலிப் பேலட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும்போது பணத்தைக் கழித்துக்கொள்வதாகவும் ஒப்புக்கொண்டார்கள். பக்கத்தடுப்பு இறங்கும் லாரியாக அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் நான் வலியுறுத்தினேன். இல்லாவிட்டால் ஃபோர்க் பக்கவாட்டில் நுழையாது.

ஒரு மாதத்துக்கு 14 மீட்டர் வகையை எடுப்பதென்று முடிவாகியிருக்கிறது. குழாய் வரும் இரண்டு நாள்களுக்கு ஹைட்ராவும் வரும். இயந்திரத்தோடு வரும் ஆபரேட்டரை முதல்நாள் காலி பேலட் ஒன்றை இரண்டாம் மாடியில் வைத்து எடுக்கச் சொல்லப்போகிறேன். ஃபோர்க் எப்படி வெளியே வருகிறது என்பதை அருகில் நின்று பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.